மென்விசையைச் சுமந்து வந்த அதிகாரி

நெடுந்தீவுக்கு நியமனம் கிடைத்த புதிய ஆசிரியர்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணை, படகிலை சத்தி வருமோ?"

வரும். முதல் மாதம் வாந்தி உங்களுக்கு வரும். இரண்டாம் மாதம் பக்கத்தில் இருப்பவருக்கு வரும். மூன்றாம் மாதத்திலிருந்து யாருக்கு வந்தாலும் நீங்கள் உங்கள் பாட்டுக்குப் பணிஸ் தின்றுகொண்டிருப்பீர்கள். இதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. கடல் சொல்லித்தரும்.

நான் சொல்ல வந்தது உயர்தரப் பௌதிகவியலின் கடைசி அலகைப் பற்றி. சடமும் கதிர்ப்பும் என்ற அந்த அலகுக்குள்ளே அடிப்படைத் துணிக்கைகள், அவற்றுக்குள்ளே நான்கு விசைகள், அந்த நான்கிலும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காத மென்விசை. அதைப் படிப்பிக்கப் போய் நான் விட்ட பிழைகளைச் சொல்லிவிட்டால், நீங்கள் புதிதாக வேறு பிழைகள் விடுவதற்கு வசதியாக இருக்கும்.

முப்பத்திரண்டு வயதில் இப்படி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை, தீவிலிருந்துதான் போகிறேன். ஆனாலும் பள்ளிக்கூட அதிபர் பொன்னாடை போர்த்திவிட்டார். பொன்னாடை விழுந்த தோளுக்கு அறிவுரை சொல்லும் உரிமை உண்டு என்பது எங்கள் பகுதி வழக்கம்.

நான் வேலணைப் பக்கத்துச் சரவணை என்ற ஊரைச் சேர்ந்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனவர்கள் பலர். உள்ளே போனவன் நான்தான் முதல். ஐயா தோட்டம் செய்கிறவர். அம்மாவுக்கு எழுத்து வராது. இப்படி ஒரு வீட்டிலிருந்து பட்டதாரியாக வெளியே வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. 'தெரியாது' என்று சொல்ல வாய் வராது. சொன்னால் யாரோ வந்து பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்கள் போல இருக்கும்.

மென்விசை எனக்குத் தெரியாது. பாடமாக்கி வைத்திருந்தேன்.

அப்போது என் உயர்தர வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். கஜன், நிரோஜன், தர்சினி. கஜன் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எதையாவது வாயில் போட்டுக்கொள்வான். நிரோஜன் கண் திறந்தபடியே நித்திரை கொள்ளத் தெரிந்தவன். தர்சினி கேள்வி கேட்பாள். மூன்றிலும் ஆசிரியருக்கு ஆபத்தானது இந்தக் கடைசிப் பழக்கம்தான்.

ஒரு நாள் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று பேருக்காகத் தீவில் பௌதிகமும் சேர்ந்த கணிதப் பிரிவை நடத்துவதா, மூடிவிட்டுப் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்க ஓர் அதிகாரி நேரில் வருவார். ஒரு பாடத்தைப் பார்ப்பார். பார்க்க விரும்பும் பாடம், அடிப்படைத் துணிக்கைகளும் மென்விசையும்.

கடிதத்தை வாசித்த அதிபர் உடனே பள்ளிக்கூட வளவில் இருந்த கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அவர் எந்தச் சிக்கலையும் சுண்ணாம்பிலிருந்து தொடங்குகிறவர்.

கஜனுக்கும் நிரோஜனுக்கும் யாழ்ப்பாணத்தில் மாமன்மார் வீடு உண்டு. மூடினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தர்சினிக்கு அது ஏலாது. தாய் படுக்கையில். தகப்பன் விடிய மாடுகளோடு போனால் பொழுதுபடத்தான் வருவார். காலைச் சமையலும் தாயைக் கழுவித் துடைப்பதும் அவள்தான். பிரிவு மூடப்பட்டால் அவள் தீவிலேயே கலைப்பிரிவில் இருப்பாள்.

"கலைப்பிரிவு கூடாதெண்டு இல்லை சேர்," என்றாள். "எனக்கு அது வேண்டாம். அவ்வளவுதான்."

அதிகாரி வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் ஒத்திகை பார்த்தேன். நியூத்திரனுக்குள் மூன்று குவாக்குகள், ஒன்று மேல், இரண்டு கீழ். மென்விசை ஒரு கீழ்க் குவாக்கை மேற்குவாக்காக மாற்றும். நியூத்திரன் புரோத்தனாகும். ஓர் இலத்திரனும் ஓர் எதிர்நியூத்திரினோவும் வெளியேறும். இதுதான் பீற்றாத் தேய்வு. ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தர்சினி கையை உயர்த்தினாள். "சேர், வல்விசைதான் எல்லாத்திலும் பெலம் கூடினது எண்டு போன கிழமை சொன்னனீங்கள். அதாலை மாத்த ஏலாத குவாக்கை இந்தப் பெலன் குறைஞ்சது எப்பிடி மாத்துது? உண்மையிலை இதுக்குப் பெலன் இருக்கோ, இல்லையோ?"

இந்த இடத்தில் நான் சொன்னதை நீங்கள் ஒருநாளும் சொல்லாதீர்கள். "அது பாடத்திட்டத்திலை இல்லை," என்றேன்.

"இருக்கு சேர். ஆசிரியர் கைந்நூலிலை இருக்கு."

"கைந்நூல் உமக்கு எப்பிடிக் கிடைச்சது?"

"நீங்கள்தான் மேசையிலை விட்டிட்டுப் போனனீங்கள். நான் முழுக்க வாசிச்சிட்டன். நீங்கள் வாசிக்கேல்லையோ சேர்?"

நிரோஜன் அன்று முழுப் பாடமும் விழித்திருந்தான். ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் பாடத்தில் ஒரு பிள்ளையும் தூங்காது.

அந்த வார இறுதி சரவணைக்குப் போனேன். கைந்நூலை வாசித்தேன். தாங்கித் துணிக்கையின் திணிவு பெரிது, ஆதலால் வீச்சு குறுகியது என்று எழுதியிருந்தது. அதையும் பாடமாக்கினேன். வியாதி என்று சொன்னேன்தானே.

விளங்கியது திங்கட்கிழமை காலை, நெடுந்தீவுக்குப் படகு ஏறுகிற குறிகட்டுவான் இறங்குதுறையில்.

அங்கே போய் நின்றால் ஒரு பழக்கத்தைக் காண்பீர்கள். உங்கள் பெயர், ஊர், உத்தியோகம் ஒருவரும் கேட்கமாட்டார்கள். "நெடுந்தீவோ?" என்பார்கள். "ஓம்" என்றால் முடிந்தது. அடுத்த நொடி உங்கள் கையில் யாருடையதோ மருந்துப் பை. வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இல்லை. கடிதம், கண்ணாடி, கைபேசி, கலியாண அழைப்பு என்று சின்னச் சாமான்கள் கைமாறிக் கைமாறித் தீவின் மேற்குக் கரை மட்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று துறையின் நடுவில் ஓர் ஆட்டுக்கல் கிடந்தது. ஒரு கிழமையாகக் கிடக்கிறதாம். யாராவது பத்தடி தூக்குவார், மூச்சு வாங்குவார், வைத்துவிட்டுப் போவார். ஒரு கிழமையில் அது படகை நோக்கி முப்பது அடி நகர்ந்திருந்தது. கல்லுக்குரிய மனிதர் படகோட்டியோடு வாய்ச்சண்டையில் இருந்தார்.

"என்ன அண்ணை, ஒரு கல்லை ஏத்த உங்களிலை ஒருத்தருக்கும் பெலமில்லையோ?"

"பெலம் இருக்கோ இல்லையோ எண்டு அந்தக் கல்லு உன்ரை காலிலை விழுந்தாத் தெரியும்," என்றார் படகோட்டி. "கிட்ட நிண்டால் அதின்ரை பெலம் விளங்கும். தூக்கிக்கொண்டு தூரம் போக ஏலாது, அதுதான் பிரச்சினை."

நான் அந்த ஆட்டுக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மென்விசையைக் காவுகிற, அதாவது தாங்கிச் செல்கிற டபிள்யூ போசன் ஒரு புரோத்தனைப் போல எண்பது மடங்குக்கும் மேலான திணிவு உடையது. மின்காந்த விசையைக் காவுகிற போட்டனுக்குத் திணிவே இல்லை. கடிதம் மாதிரி எவ்வளவு தூரமும் போகும். ஆட்டுக்கல்லோ பத்தடிக்குமேல் போகாது. மென்விசையின் வீச்சு ஒரு புரோத்தனின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குள் மாட்டுப்பட்டால் அதன் பெலம் மின்காந்த விசைக்கு அதிகம் குறைந்ததல்ல. தூர நின்று பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் 'மென்'.

படகு புறப்பட்டதுகூடத் தெரியாமல் நின்ற என்னைப் படகோட்டி சட்டைக் கொலரில் பிடித்து ஏற்றினார்.

சரி, விளங்கிவிட்டது. இதை அதிகாரிக்கு முன்னால் எப்படிக் காட்டுவது? ஆட்டுக்கல் சரிவராது. டபிள்யூ போசன் பிறந்த கணமே உடையவேண்டும். உடைந்தால் இரண்டு சாமான் வரவேண்டும்: ஒன்று கண்ணுக்குத் தெரிகிற இலத்திரன், மற்றது ஒருவர் கையிலும் அகப்படாமல் தப்பி ஓடுகிற எதிர்நியூத்திரினோ. பாரமானது, உடையக்கூடியது, உள்ளே ஒன்று தெரியவேண்டும், ஒன்று தெரியாமல் போகவேண்டும். மூன்று நாள் யோசித்தேன். பலாப்பழம். சுளை இலத்திரன், மணம் எதிர்நியூத்திரினோ.

நெடுந்தீவில் பலா இல்லை. பனையும் கல்லும் மாடும்தான். அம்மாவை அழைத்தேன்.

"பாடத்துக்கோ?" என்றா அம்மா.

"ஓம் அம்மா. பாடத்துக்குத்தான்."

"பசிக்குதெண்டு சொல்லன் மோனை. அதுக்கேன் பொய்?"

"பொய் இல்லையம்மா. ஒரு அதிகாரி வாறார். அவருக்கு முன்னாலை உடைச்சுக் காட்டோணும்."

"பெரிய மனுசருக்குப் பழத்தை உடைச்சுக் காட்டிறதில்லை, மோனை. வெட்டிக் குடுக்கிறது." பிறகு குரலைத் தாழ்த்தினா. "ஆள் பொல்லாதவரோ?"

"அப்பிடித்தான் கதைக்கினம்."

"பயப்பிடாதை. நான் அனுப்பிறன்."

அதிகாரி வரும் நாள் காலையில் ஐயா பழத்தைச் சாக்கில் கட்டிக் குறிகட்டுவான் பேருந்தை மறித்து நடத்துனரிடம் கொடுத்தார். அம்மா முகவரி எழுதமாட்டா. அதனால் வாயால் சொல்லிவிட்டா, அதோடு வேறு சிலதும் சேர்த்துச் சொல்லிவிட்டா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் அந்த நேரம் நெடுந்தீவு இறங்குதுறையில், கையில் மாலையோடு நின்றேன். அதிபர் கட்டிக்கொடுத்த மாலை. கடலைக் குழப்புகிற தென்மேற்குச் சோழகக் காற்று மாலையிலிருந்து நிமிடத்துக்கு ஒரு பூவாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. வருகிறவர் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, கறுத்தச் சப்பாத்து என்று மனத்தில் ஒரு படம் வைத்திருந்தேன்.

படகு வந்தது. கடல் அன்று மோசம். இறங்கியவர்களில் பாதிப் பேர் வெளிறிப்போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலையில் படகோட்டியின் துவாயைக் கட்டி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, சப்பாத்துகளைக் கழுத்தில் தொங்கவிட்டு, நெஞ்சோடு ஒரு சாக்கை அணைத்தபடி வந்தார். சட்டை முழுக்க உப்புத் தண்ணீரும் பலாப்பாலும். நேரே என்னிடம் வந்தார்.

"பௌதிகம் படிப்பிக்கிற சேர் ஆர்?"

"நான்தான் அண்ணை."

"இது உமக்கு. குறிகட்டுவானிலை இறங்கி நிண்டனான். பேருந்துக்காரன் 'நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆர் போறது?' எண்டு கத்தினான். நான் தெரியாத்தனமா ஓம் எண்டிட்டன்."

"பெரிய உபகாரம் அண்ணை!"

"பொறும். செய்தியும் இருக்கு. உம்மடை அம்மா அவனுக்குச் சொல்லி, அவன் எனக்குச் சொல்லி, நான் உமக்குச் சொல்லுறன்." கண்ணை மூடி நினைவுபடுத்தினார். "காலைமைச் சாப்பாட்டை விடாதையாம். வாற அதிகாரிக்குப் பயப்பிடாதையாம். அந்த ஆளும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானாம். வயிறு நிறையக் குடுத்தால் எந்தப் பொல்லாத ஆளும் இளகுமாம்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. "அம்மா அப்பிடித்தான் அண்ணை. ஆனா ஆள் உண்மையிலை பொல்லாத ஆள்தானாம். போன இடத்திலை ஒரு ஆசிரியருக்குப் பேச்சே நிண்டு போச்சாம். சிரிச்சதைக் கண்ட ஆள் இல்லையாம்."

"அப்பிடியோ? நானும் காணேல்லை."

"படகிலை அப்பிடி ஒருத்தர் வந்தவரோ அண்ணை? வெள்ளைச் சட்டை, கறுத்தச் சப்பாத்து?"

அவர் கழுத்தில் தொங்கிய சப்பாத்துகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீர் சொல்லுற மாதிரி ஒருத்தரும் வரேல்லை," என்றார்.

அடுத்து நான் செய்ததுதான் என் பணிவாழ்க்கையிலேயே பெரிய பிழை. ஆனால் எங்கள் தீவுகளில் பிறந்த யாரும் அதைச் செய்திருப்பார்கள். கையில் மாலை. அதிகாரிக்காகக் காத்திருக்கவும் வேண்டும். இவரோ பள்ளிக்கூடப் பக்கம் போகிறவர். "அப்ப அண்ணை, நீங்கள் அங்காலைதானே போறியள்? இதையும் ஒருக்கால் கொண்டுபோய் அதிபரிட்டைக் குடுத்துவிடுங்கோவன்," என்றேன்.

அவர் என் கையில் இருந்த மாலையைப் பார்த்தார். பிறகு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிவிடும்படி யாரிடமோ கேட்பதைக் கண்டேன்.

படகு வெறுமையாகும் மட்டும் நின்றேன். மாலையில் நார்தான் மிஞ்சியது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினால் அதிபர் வாசலில் பதறிக்கொண்டு நிற்கிறார்.

"எங்கை ஐயா போனீர்? அதிகாரி வந்து எவ்வளவு நேரம்!"

உள்ளே அதிபரின் கதிரையில் அந்த 'அண்ணை', முகம் கழுவி, தலை வாரி, கழுத்துப் பட்டியோடு. மேசையில் பலாப்பழம்.

"வாரும்," என்றார். "மாலை எனக்கோ, பழத்துக்கோ?"

எனக்குக் கண் இருண்டது. கையில் இருந்ததை முன்னால் தெரிந்த கழுத்தில் போட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன், அது அதிபரின் கழுத்து.

பாடம் தொடங்கியது. அதிகாரி பின்வரிசை வாங்கில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். மூன்று பிள்ளைகளும் குவாக்கின் பெயர் எழுதிய மட்டையை ஆளுக்கொன்றாகத் தொங்கவிட்டு நின்றார்கள். நிரோஜன் மேல், கஜன் கீழ், தர்சினி கீழ். மூவரையும் சேர்த்துப் படகுக் கயிற்றால் சுற்றினேன். அது வல்விசை.

"சேர், மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு," என்றான் கஜன்.

"வல்விசை அப்பிடித்தான்," என்றேன். சிரிப்பு எழுந்தது. பின் வாங்கில் எழவில்லை.

திட்டம் இதுதான். நான் கைதட்டியதும் தர்சினி தன் மட்டையைத் திருப்புவாள், கீழ் மேலாகும். அதே நேரம் பின்னால் மறைத்து வைத்த பழத்தை எடுத்து என்னிடம் நீட்டுவாள். நான் மேசையில் வைத்து உடைப்பேன். கைதட்டினேன். மட்டை திரும்பியது. பழமும் எழுந்தது. ஆனால் கயிறு இறுக்கியதில் அவளுக்குக் கை பாதிதான் வந்தது. பழம் நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து வெடித்தது.

வெயிலில் பேருந்திலும் படகிலும் வந்த பழம் நன்றாகப் பழுத்திருந்தது. ஒரு சுளை தெறித்துப் போய் அதிகாரியின் கோப்பின்மேல் உட்கார்ந்தது. மணம் சுவரைத் தாண்டியது. பக்கத்து ஆறாம் வகுப்பு முழுவதும் யன்னலில் வந்து தொங்கியது.

கோப்பின்மேல் இருந்த சுளையைக் காட்டி, "அது இலத்திரன் சேர்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "மணம், எதிர்நியூத்திரினோ."

"உவமை பிழை," என்றார் அதிகாரி. "மணம் ஒருத்தரையும் விடாமல் பிடிக்குது. நியூத்திரினோ பூமிக்குள்ளாலை போனாலும் ஒருத்தரையும் முட்டாமல் போய்விடும்."

"ஓம் சேர். பிழைதான்."

அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் வியப்பாக இருந்தது. ஒருவரும் வந்து என் பட்டத்தைக் கேட்கவில்லை.

அப்போது தர்சினி கயிற்றுக்குள் இருந்தபடியே கையை உயர்த்தப் பார்த்தாள். முழங்கைக்குமேல் எழவில்லை. "சேர், அண்டைக்குக் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லேல்லை. இதுக்குப் பெலன் இருக்கோ, இல்லையோ?"

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். மேலதிகாரி பின்னால், கேள்வி முன்னால், தரையெல்லாம் சுளை. பாடமாக்கிய வசனம் ஒன்று நாக்கில் தயாராக இருக்கும். அதைச் சொன்னால் பிழை வராது, விளங்கவும் விளங்காது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாது," என்றேன். "பாடத்திட்டத்திலை இல்லையெண்டு பொய் சொன்னனான். முதல் பாதிக்கு மறுமொழி இந்தக் கயிறு. வல்விசை கட்டும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கஜன் நிரோஜனா மாறமாட்டான். ஆளை மாத்திற வேலை மென்விசைக்கு மட்டும்தான் தெரியும். மற்றப் பாதிக்கு மறுமொழி பின் வாங்கிலை இருக்கு." அதிகாரியைப் பார்த்தேன். "சேர், குறிகட்டுவானிலை உங்களிட்டை ஒரு கடிதம் தந்திருந்தால் எவ்வளவு தூரம் கொண்டுபோயிருப்பியள்?"

அதிபரின் முகம் அவர் அடித்த சுண்ணாம்பின் நிறத்துக்கு வந்தது.

அதிகாரி பேனையை மூடினார். "கடிதமெண்டால் பையுக்கை கிடந்திருக்கும். மேற்குக் கரைக்கும் போயிருப்பன்."

"பழம்?"

"பழமோ!" அவர் எழுந்தார். "படகிலை மடியிலை வைச்சிருந்தனான். நிம்மதியாச் சத்தி எடுக்கவும் விடேல்லை, நித்திரை கொள்ளவும் விடேல்லை. எப்ப ஆரின்ரையாவது கையிலை தள்ளுவம் எண்டுதான் நினைச்சனான். அதிபற்றை மேசைக்கு அங்காலை ஒரு அடியும் கொண்டுபோகமாட்டன்."

"பழம் பெலன் குறைஞ்சதோ சேர்?"

"என்ரை தோளைக் கேளும்!"

"அதுதான் பிள்ளையள்," என்றேன். "காவுற ஆள் கடும் பாரம். அதாலை தூரம் போகாது. கிட்ட அகப்பட்டவைக்கு அதின்ரை பெலன் தெரியும்."

கஜன் இப்போது கேட்டான். அவன் கேள்வி கேட்டது அதுதான் முதல்தடவை. "நியூத்திரன் சின்னன். அதுக்குள்ளை இருந்து எண்பது மடங்கு பாரமான ஒண்டு எப்பிடி வெளியிலை வரும்?"

"நான் கரும்பலகைப் பக்கம் திரும்பேக்கை நீர் என்ன செய்யிறனீர்?"

கஜன் வாயை மூடினான்.

"ஒரு டொபி எண்டால் ஆறுதலாச் சப்பலாம். முழுப் பிலாப்பழத்தை எடுத்தால்? நான் திரும்பிறதுக்கு முதல் ஒளிக்கோணும். இயற்கையும் அப்பிடித்தான் ஒரு கணம் முகத்தைத் திருப்பும். சாமான் பெரிசெண்டால் நேரம் குறுகும். அவ்வளவு குறுகின நேரத்திலை அது எவ்வளவு தூரம் போகும்? அதாலைதான் இந்த வேலை அடிக்கடி நடக்காது. தனிச்சு நிக்கிற நியூத்திரன் மாறச் சராசரியாக் கால் மணித்தியாலம் செல்லும். அந்த உலகத்திலை அது பெரிய யுகம்."

தர்சினி யன்னலுக்கு வெளியே கொதித்துக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தாள். "கைந்நூலிலை சூரியனைப் பற்றியும் இருந்தது சேர். அங்கை புரோத்தன் நியூத்திரனா மாறோணும். அதுக்கும் உவர், இந்த மென்விசைதானே வேணும்? அவர் ஆறுதலா வேலை செய்யிறபடியாத்தான் சூரியன் ஒரேயடியா எரிஞ்சு முடியாமல் நிக்குது. என்ன சேர்?"

நான் வாய் திறப்பதற்கு முன், "ஓம் பிள்ளை," என்று சொன்னவர் அதிகாரி.

அவர் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பிறகு கோப்பின்மேல் இருந்த சுளையை எடுத்துப் பார்த்தார், வாயில் போட்டார். காலையிலிருந்து அவர் வயிற்றில் கடல் எதையும் விட்டுவைக்கவில்லை. இன்னொன்று எடுத்தார். "எல்லாரும் எடுங்கோ," என்றார். ஆறாம் வகுப்பு அந்த அனுமதிக்காகத்தான் காத்திருந்தது.

தின்றுகொண்டே என் பக்கத்தில் வந்தார். "நான் பதினெட்டு வருசம் பௌதிகம் படிப்பிச்சனான். இந்த அலகைக் கடைசிக் கிழமைக்கு எண்டு ஒதுக்கிவைக்கிறது. கடைசிக் கிழமை வராமல் பாத்துக்கொள்ளுறது. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம் எண்டு தெரிஞ்சுதான் இதைக் கேட்டனான்."

"இறங்குதுறையிலை நீங்கள் ஆரெண்டு சொல்லியிருக்கலாமே சேர்?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான். நீர் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனது நல்லா இருந்தது. குழப்ப மனம் வரேல்லை." அவருடைய உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. அதைச் சிரிப்பு என்று எழுத எனக்குத் துணிவில்லை.

பிறகு கோப்பைத் திறந்தார். முகம் பழையபடி இறுகியது.

"பிரிவு தொடரலாம் எண்டு எழுத எனக்கு விருப்பம். ஆனால் ஆசிரியர் இல்லாத பிரிவைத் தொடரச் சொல்லி எழுத ஏலாது. உம்மடை இடமாற்ற விண்ணப்பம் என்ரை மேசையிலை கிடக்குது. வீட்டுக்குக் கிட்ட, வேலணைப் பக்கம் கேட்டிருக்கிறீர். பிள்ளையள் சோதினை எழுத இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. நீர் போறதெண்டால் இப்பவே சொல்லும், நான் மற்ற மாதிரி எழுதுறன். நிக்கிறதெண்டால் அதையும் இப்பவே சொல்லும்."

அந்த விண்ணப்பத்தைப் பற்றி நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதிபருக்குத் தெரியும், அவர் மாலை நாரைத் திருகிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். தர்சினி என்னைப் பார்க்கவில்லை. கையில் ஒட்டிய பலாப்பாலைத் தேங்காய் எண்ணெய் பூசித் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது மட்டும் நின்றுவிட்டது.

ஒன்றரை வருடம் என்றால் இன்னும் இரண்டு சோழகக் காற்றுக் காலம். வெள்ளிக்கிழமைப் படகு, திங்கட்கிழமைப் படகு. சரவணையில் இருந்தால் அம்மா சமைத்ததைச் சூட்டோடு தின்றுவிட்டுச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகலாம். இதையெல்லாம் அந்த நேரத்தில் நினைத்தேன். நினைக்கவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

"ஓம் சேர், நிக்கிறன்," என்றேன்.

வாய் நிறையச் சுளை. அவருக்கு விளங்கவில்லை. "என்ன?" என்று காதைக் கொடுத்தார்.

மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும். மனத்தை மாற்றிக்கொள்ள விரும்புகிற ஒருவனுக்கு அது தாராளமான நேரம். நான் ஆறுதலாக மென்றேன், விழுங்கினேன், கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு மறுபடியும் சொன்னேன்.

"நிக்கிறன் சேர். எழுதுங்கோ."